சோளனுக்குப் பறந்து வரும் படைப்புழு: வன்னி மேட்டுக்காணிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

யானைக் காவலுக்குப் பரணில் இருக்கிற இரவுகளில் டோர்ச் வெளிச்சத்துக்கு எத்தனையோ பூச்சிகள் வரும். 2018 கார்த்திகையில் ஒருநாள், காய்ந்த சருகின் நிறத்தில், பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமான அந்துப்பூச்சி ஒன்று சிறகைக் கூரை போல மடித்துக்கொண்டு என் சட்டைக் கையில் வந்து இருந்தது. தட்டிவிட்டு மறுபடியும் காட்டுப் பக்கம் டோர்ச்சைத் திருப்பினேன். நெடுங்கேணிப் பக்கம் எங்கள் ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காணியில் அப்போது சோளன் (மக்காச்சோளம்) முழங்கால் உயரம். அந்தப் போகம் யானை ஒரு கன்றையும் தொடவில்லை. சோளனைத் தின்றது அந்தப் பூச்சியின் பிள்ளைகள்.

அதுதான் படைப்புழு. சிங்களத்தில் 'சேனா' என்று சொன்னது நம் பத்திரிகைகளில் 'சேனா படைப்புழு' ஆகிவிட்டது. சேனை என்றால் படை. நமக்கோ சேனை என்றால் காடு வெட்டிச் செய்கிற மேட்டுநிலப் பயிரும்தான். இந்தப் பூச்சிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலபோகமும் இதன் பின்னால் நடந்து நான் புரிந்துகொண்ட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பூச்சி உங்கள் மண்ணுக்குள் மாதக்கணக்கில் படுத்திருந்து மழைக்கு எழும்பி வருவதில்லை. பறந்து வருகிறது. எப்போது வரும், வந்து எத்தனையாம் நாள் என்ன செய்யும் என்ற கணக்குத் தெரிந்தால், சோளன் முளைத்த முதல் ஐந்து கிழமையில் கையாலேயே பாதிக்கு மேல் அடக்கிவிடலாம். கணக்குத் தெரியாமல் மருந்துப் போத்தலோடு ஓடினால் காசும் போகும், பொத்தியும் போகும்.

எங்கிருந்து, எப்படி வருகிறது

இதன் சொந்த இடம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமான பகுதிகள். 2016இல் மேற்கு ஆபிரிக்காவில் கண்டார்கள். 2018 மே மாதம் இந்தியாவின் கர்நாடகத்தில். அதே ஆண்டு இலங்கையில். 2018/19 காலபோகத்தில் நாடு முழுக்கச் சோளனைப் பிடித்தது. 2020இல் அவுஸ்திரேலியா. நாலு வருடத்துக்குள் இவ்வளவு தூரத்தை ஒரு பூச்சி கடந்ததற்குக் காரணம் அதன் சிறகும் காற்றும். நல்ல காற்றுக் கிடைத்தால் ஒரே இரவில் 100 கிலோமீற்றர் வரை போகும். பெண் பூச்சி முட்டை இடத் தொடங்கும் முன்னர் 500 கிலோமீற்றர் வரை போகக்கூடியது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் இருக்கிற கடல் ஏறக்குறைய 30 கிலோமீற்றர்தான். அந்தக் கணக்கில் பார்த்தால் கடல் அதற்கு ஒரு தடையே இல்லை.

பருவத்துக்குப் பருவம் இடம்மாறுவது இதன் பிறவிக்குணம். ஐக்கிய அமெரிக்காவில் குளிர்காலத்தைத் தாங்கி உயிரோடு இருப்பது புளோரிடாவின் தெற்கிலும் டெக்சாசின் தெற்கிலும் மட்டும்தான். அங்கிருந்து ஒவ்வொரு கோடையிலும் தலைமுறை தலைமுறையாக வடக்கே ஏறிக் கனடா வரை போகிறது. தாய் ஓரிடத்தில் முட்டையிட்டுச் சாகும், பிள்ளை அங்கிருந்து மேலே பறக்கும், பேரப்பிள்ளை அதற்கும் மேலே. ரொறன்ரோவில் இருக்கிற தங்கைக்கு இதைச் சொன்னேன். "அண்ணா, எங்களைப் போலத்தான் உதுவும் வந்திருக்கு" என்றாள். ஆனால் ஒன்ராறியோவுக்குப் போன பூச்சி பனி விழுந்ததும் அங்கேயே செத்துப்போகும். குளிரில் உறங்கிக் கிடந்து பிழைக்கிற தன்மை இதற்கு இல்லை.

இந்தக் கடைசி விஷயம்தான் வன்னிக்கு முக்கியம். வேறு சில அந்துப்பூச்சிகளின் கூட்டுப்புழு, காலம் சரியில்லை என்றால் மண்ணுக்குள் மாதக்கணக்கில் உறங்கும். இது உறங்காது. குளிர் நமக்கு இல்லை, ஆனால் வைகாசியிலிருந்து புரட்டாதி வரை மேட்டுக்காணி காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. அந்தக் காலத்தில் அது எங்கேயாவது பச்சையில் பெருகிக்கொண்டே இருக்க வேண்டும். முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் கீழ் சிறுபோகப் பயிர் நிற்கும். கிணற்றுத் தண்ணீரில் சோளன் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். புல்லிலும் குரக்கனிலும் இறுங்கிலும் அது வாழும். 350க்கு மேற்பட்ட செடிகளில் இதைக் கண்டிருக்கிறார்கள். ஐப்பசி மழைக்கு ஊர் முழுக்கச் சோளன் முளைக்கும்போது இளங்குருத்தைத் தேடிக் காற்றோடு வந்து சேரும். அதனால் "போன வருடம் என் காணியில் இல்லை, இந்த வருடமும் வராது" என்று யாரும் இருந்துவிட முடியாது.

ஒரு மாதக் கணக்கு

நம் வெக்கையில் முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை ஏறக்குறைய 30 நாள். குளிரான காலநிலையில் இதுவே 60, 90 நாள் என்று இழுக்கும். இதை ஒரு கலண்டரில் எழுதி வீட்டுச் சுவரில் தொங்கவிடுங்கள்.

முட்டை இட்ட இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். அப்புறம் இரண்டு கிழமை அளவு புழுவாகத் தின்னும். அதற்குள் ஆறு பருவம், ஒவ்வொரு பருவத்துக்கும் இடையில் ஒரு தோலுரிப்பு. பிறகு நிலத்தில் விழுந்து 2 முதல் 8 சென்ரிமீற்றர் ஆழத்துக்குள் மண்ணையும் நூலையும் சேர்த்துக் கூடு கட்டி, எட்டு ஒன்பது நாள் கூட்டுப்புழுவாகக் கிடக்கும். பூச்சியாக வெளியே வந்தபின் சராசரியாக 10 நாள் வாழும். வந்த முதல் மூன்று நாலு நாள் முட்டை இடாது. பறப்பது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். பிறகு ஒரு பெண் பூச்சி தன் ஆயுளில் 1500க்கு மேல் முட்டை இடும்.

ஐப்பசியில் முளைத்த சோளனைத் தை கடைசியில் முறிக்கிறோம் என்றால், ஒரே போகத்தில் மூன்று தலைமுறை. முதல் தலைமுறையைப் பிடித்தால் மற்ற இரண்டும் சின்னதாகப் போகும். இனி வேலைக்கு வருவோம்.

படி 1: ஒரே நேரத்தில் விதையுங்கள்

இது தனி ஆள் செய்கிற வேலை இல்லை. முதல் மழைக்குப் பின் ஒரு கிழமை, பத்து நாளுக்குள் பக்கத்துக் காணிகள் எல்லாம் விதைத்து முடித்தால் வருகிற பூச்சி பரந்து பிரியும். ஒருவர் ஐப்பசியிலும் மற்றவர் கார்த்திகை கடைசியிலும் விதைத்தால், முந்தியவரின் காணியில் வளர்ந்த பூச்சி முழுவதும் பிந்தியவரின் இளங்கன்றில் இறங்கும். எங்கள் பக்கம் பிந்தி விதைத்த காணிகள்தான் எப்போதும் மோசமாக அடிபட்டன. விதை, உரம், உழவு இயந்திரம் எல்லாம் ஒரே நேரத்தில் கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். அப்படியென்றாலும் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் விதைப்புத் திகதியைப் பேசி வைப்பது எந்த மருந்தையும்விடப் பெறுமதியானது.

சோளன் வரிசைகளுக்கு இடையில் கௌபி, உளுந்து, பயறு ஏதாவது போடுங்கள். தனிச் சோளனில் பூச்சிக்கு வேலை சுலபம். ஊடுபயிரில் சிலந்தியும் எறும்பும் தங்கும்.

படி 2: பூச்சி வந்துவிட்டதா என்று பாருங்கள்

முளைத்த நாளிலிருந்தே பார்க்கத் தொடங்க வேண்டும். ஆண் பூச்சியைக் கவரும் பெரமோன் பொறி கிடைத்தால் காணியின் ஓரத்தில் ஒன்றரை மீற்றர் உயரத்தில் கட்டுங்கள். கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். பொறியில் விழுவது ஆண் மட்டும், அதனால் அது பூச்சியை ஒழிக்கிற சாமான் இல்லை, சேதி சொல்கிற சாமான். ஆணை அடையாளம் காண்பது லேசு. முன்சிறகின் நுனியில் ஒரு வெள்ளைத் திட்டு, நடுவில் சரிவாக ஒரு வெளிறிய முட்டை வடிவப் புள்ளி. பின்சிறகு வெள்ளி போல மினுங்கும். பெண்ணுக்கு முன்சிறகு மங்கிய சாம்பலும் கபிலமும் கலந்த ஒரே நிறம்.

பொறி இல்லையென்றால் பரணில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிப் பின்னால் டோர்ச்சை வையுங்கள். பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் வெளிச்சத்துக்குப் பூச்சி குறைவாகத்தான் வரும். அதை நம்பிப் பூச்சி இல்லை என்று நினைக்க வேண்டாம்.

படி 3: முட்டையைத் தேடுங்கள்

எல்லாப் படியிலும் நான் பெரிதாக நினைப்பது இதைத்தான். கிழமைக்கு இரண்டு தரம், காலையில் வெயில் ஏறுமுன், காணிக்குள் நெளிந்து நெளிந்து நடந்து ஐந்து இடத்தில் நில்லுங்கள். ஒவ்வொரு இடத்திலும் 10 கன்றைப் பாருங்கள். இலையைக் கையால் நிமிர்த்தி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். மேலே நின்று பார்த்துவிட்டுப் போனால் ஒன்றும் தெரியாது.

முட்டைக் குவியல் சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும். பழைய கம்பளியில் இருந்து பிய்த்த ஒரு துண்டை ஒட்டிவைத்தது போல, மங்கலான வெண்மை. பெண் பூச்சி தன் உடம்பின் செதிலை உதிர்த்து முட்டைக்கு மேல் போர்த்துகிற போர்வை அது. நகத்தால் மெல்லச் சுரண்டினால் உள்ளே குண்டூசித் தலையைவிடச் சின்ன உருண்டைகள் வரிசையாக, சில இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஒரு குவியலில் 100, 200. வெளிறிய நிறமென்றால் புதிது, கறுத்திருந்தால் இன்றோ நாளையோ பொரிக்கப்போகிறது.

கண்டால் இரு விரலுக்கு இடையில் வைத்து நசுக்குங்கள். அவ்வளவுதான். ஒரு நொடியில் 150 புழு இல்லாமல் போகிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகள் ஒரு பின்னேரம் 23 குவியல் கண்டுபிடித்தாள். அந்தச் சின்னக் கண்ணுக்கு எங்களைவிட வேகம் அதிகம்.

ஒரு விஷயம் கவனியுங்கள். சில குவியல் முழுக்கக் கறுத்து, நாள் போயும் பொரிக்காமல் இருக்கும். கடுகைவிடச் சின்னக் குளவி இனங்கள் இந்த முட்டைக்குள் தங்கள் முட்டையை இட்டுவிடும். அப்படிச் சந்தேகம் வந்தால் நசுக்காமல் இலையோடு கிள்ளிப் போத்தலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி வையுங்கள். புழு வந்தால் கொன்றுவிடலாம். பறக்கிற தூசி போல ஏதும் வந்தால் துணியை அவிழ்த்துக் காணிக்குள் விடுங்கள். அவை நம் ஆட்கள்.

படி 4: சன்னல் விழுந்த இலை

முட்டை தப்பிவிட்டால் அடுத்த அடையாளம் இலையில் வரும். பொரித்த குஞ்சுப் புழு இலையை ஓட்டையாக்காது. ஒரு பக்கத் தோலை மட்டும் சுரண்டித் தின்னும். மற்றப் பக்கத் தோல் கண்ணாடித்தாள் போல வெளிறி நிற்கும். இலையை வெளிச்சத்துக்குப் பிடித்தால் சின்னச் சின்னச் சன்னல்கள். பிறகு குஞ்சுகள் நூல் விட்டுத் தொங்கிக் காற்றில் ஆடி அடுத்த கன்றுக்குப் போய்விடும்.

2018இல் நான் தவறவிட்டது இந்தக் கட்டத்தைத்தான். அயல் காணிப் பெரியவர் ஒருவர் வேலியடியில் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, உது வெட்டுக்கிளி கடிச்ச கடி, பயப்பிடாத" என்றார். "அண்ணை, வெட்டுக்கிளி எண்டால் கரையால எல்லோ தின்னும்?" என்று கேட்டேன். கேட்டேனே தவிர, குனிந்து பார்க்கவில்லை. பத்து நாள் கழித்துக் குருத்துக்குள் மரத்தூள் கொட்டியது போல எச்சம் நிரம்பியிருந்தது. ஒரு கடையில் தந்த மருந்தை வாங்கி, உச்சி வெயிலில், ஒன்றரை ஏக்கருக்கும் அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஏன் என்று அடுத்த படியில் சொல்கிறேன்.

படி 5: குருத்துக்குள் புகுந்த புழு

வளர்ந்த புழு பகலில் குருத்தின் அடியில் இருக்கும். தன் எச்சத்தாலேயே மேலே மூடி போட்டுக்கொள்ளும். பகல் மருந்து அந்த மூடியில் விழுந்து காயும், புழுவைத் தொடாது. இரவிலும் விடியற்காலையிலும்தான் மேலே வரும்.

இது படைப்புழுதானா என்று உறுதிப்படுத்துங்கள். தலையில் வெள்ளையாக ஒரு கோடு இறங்கி இரண்டாகப் பிரியும், கவட்டைத் தடியைத் தலைகீழாகப் பிடித்தது போல. வால்பக்கத்தில் கடைசிக்கு முந்திய கண்டத்தில் நாலு கரும்புள்ளி, லூடோக் கட்டையின் நாலாம் பக்கம் போலச் சதுரமாக இருக்கும். நெல்லில் மழைக்குப் பின் கூட்டமாக வரும் படைப்புழு இதன் ஒன்றுவிட்ட சொந்தம், ஆனால் வேறு இனம்.

ஒரு குருத்தில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். காரணம், இவை ஒன்றையொன்று தின்னும். அதனால் ஒரு குருத்துக்கு ஒரு புழுவைப் பிடித்தாலே அந்தக் கன்று தப்பும். கடைசிப் பருவத்துப் புழு, தன் வாழ்நாளில் தின்கிற மொத்தத் தீனியில் முக்கால் பங்கை அந்தச் சில நாளிலேயே தின்றுவிடும். ஆகவே புழு சின்னதாக இருக்கும்போது எடுக்கிற ஒவ்வொன்றும் பெரிய மிச்சம்.

குருத்துக்குள் பொடி மணல் போடுவது பல நாட்டில் செய்கிற வேலை. ஒன்பது பங்கு மணலுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு கலந்து, கன்றுக்கு ஒரு சிட்டிகை. அடுப்புச் சாம்பலும் போடலாம். ஈரமும் மணலும் சேர்ந்து புழுவின் தோலை உரசும், மூச்சை அடைக்கும். கடும் மழையும் இதே வேலையைச் செய்கிறது. அடித்துப் பெய்த அடுத்த நாள் குருத்துத் தண்ணீரில் செத்து மிதக்கிற புழுக்களை நீங்களே பார்க்கலாம்.

மார்கழி ஈரத்தில் இன்னொன்றும் நடக்கும். சில புழுக்கள் இலையைப் பிடித்தபடியே விறைத்து, மேலே மாப்பூசியது போல வெள்ளையாகி, நாள் போகப் பச்சை படரும். அது ஒரு பூஞ்சண நோய். வேறு சில தலைகீழாகத் தொங்கி, தொட்டால் கூழாக வழியும். அது வைரசு. இரண்டும் மற்றப் புழுக்களுக்குத் தொற்றும். அவற்றை எடுத்து எறியாமல் அப்படியே விடுங்கள்.

படி 6: மருந்து எப்போது

ஐந்து இடத்தில் பார்த்த 50 கன்றில், சின்னக் கன்றென்றால் 10 கன்றுக்கு மேல், வளர்ந்த குருத்தென்றால் 20 கன்றுக்கு மேல் புதிய தாக்கம் இருந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். ஆண்பூ வந்தபின் அடிப்பதில் பயன் குறைவு, தேனீக்கும் ஆபத்து. இலை கிழிந்து தொங்குவதைப் பார்த்துப் பதற வேண்டாம். வளரும் முனை தப்பினால் சோளன் மீண்டு வரும். எங்கள் காணியில் சல்லடையாகப் போன கன்றுகள் பின்னர் நல்ல பொத்தி விட்டிருக்கின்றன.

முதலில் வேப்பங்கொட்டை. வேப்பம்பழம் விழும் காலத்திலேயே பொறுக்கிக் கழுவி நிழலில் காயவைத்து எடுங்கள். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் பருப்பு. இடித்து இரவு முழுக்க ஊறவைத்து, துணியால் வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, பின்னேரம் குருத்துக்குள் விழும்படி அடியுங்கள். சின்னப் புழுவுக்குத்தான் இது வேலை செய்யும்.

கடை மருந்து தேவைப்பட்டால், கடைக்குப் போகுமுன் விவசாயப் போதனாசிரியரிடம் போங்கள். விவசாயத் திணைக்களத்தின் சிபார்சு காலத்துக்குக் காலம் மாறும், இந்தப் புழு பல மருந்துகளுக்குப் பழகிப்போன இனம். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். விடியற்காலை அல்லது பொழுது படும் நேரம், முகத்தையும் கையையும் மூடிக்கொண்டு அடியுங்கள். தெளிகருவியைக் குளத்திலோ வாய்க்காலிலோ கழுவ வேண்டாம்.

படி 7: போத்தலில் ஒன்று வளருங்கள்

பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். அகன்ற வாய்ப் போத்தலில் நாலு விரல் உயரத்துக்கு ஈரமணல், மேலே சோள இலை, ஒரே ஒரு புழு. இரண்டு போட்டால் மறுநாள் ஒன்றுதான் இருக்கும். வாயைத் துணியால் கட்டி, தினமும் புது இலை மாற்றி, திகதி போட்டு எழுதி வைக்கவேண்டும். தின்பதை நிறுத்தி மணலுக்குள் இறங்கினால் தொடக்கூடாது. எங்கள் போத்தலில் ஒன்பதாம் நாள் இரவு எட்டு மணிக்குப் பூச்சி வெளியே வந்தது. முதலில் சிறகு நனைந்த கடதாசி போலச் சுருங்கி இருந்தது. துணியில் ஏறித் தொங்கிக் கொஞ்ச நேரத்தில் விரித்தது. மகள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்சிறகு நுனியில் அந்த வெள்ளைத் திட்டு. "அப்பா, ஆண்" என்றாள். பார்த்து முடிந்ததும் பூச்சியை வெளியே விடக்கூடாது, போத்தலோடு குளிர்சாதனப் பெட்டியின் உறைபனித் தட்டில் வைத்துவிடுங்கள்.

படி 8: முறித்த பின்

பொத்தி முறித்த கையோடு தட்டையை வெட்டி மாட்டுக்குப் போடுங்கள். தானாக முளைக்கிற சோளனைக் காணியில் நிற்க விடாதீர்கள். மழை விட்டு மண் ஈரமாக இருக்கும்போதே ஒருதரம் மேலோட்டமாக உழுதால், 8 சென்ரிமீற்றருக்குள் கிடக்கிற கூட்டுப்புழு வெளியே வரும். சிவப்புக் கலந்த கபில நிறம், மினுமினுப்பு, ஒன்றரைச் சென்ரிமீற்றர் நீளம். போன மாசியில் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் கொக்கும் மைனாவும் சாலுக்குச் சால் நடந்து பொறுக்கின. வீட்டுக் கோழிகளையும் அவிழ்த்துவிட்டோம். பொழுது படும் மட்டும் அவை காணியை விட்டு வரவில்லை.